பின்சுவருக்கு நிக்கிறவங்க

எங்க பாறைக்காடு எஸ்டேட்ல ஒரு வீட்டு ஆம்பள இனிமே திரும்பி வரமாட்டான்ங்கிறத போனும் சொல்லாது, சொந்தக்காரங்களும் சொல்லமாட்டாங்க, அந்த வீட்டோட பின்சுவர்தான் சொல்லும், எப்படின்னா அது இருக்காது. இடிஞ்சு விழாது, கல்லு மண்ணு கிடக்காது, ஒரு சத்தமும் கேக்காது, காலைல எந்திரிச்சுப் பாத்தா சுவர்ல மாட்டியிருந்த காலண்டர் தரையில கிடக்கும், சுவர் இருந்த எடத்துல தேயிலை தெரியும், தேயிலைக்குப் பின்னாடி காடு தெரியும், அவ்வளவுதான்.

பையத் தூக்கிட்டு மலை எறங்குன அன்னிக்கே போயிராது. திருப்பூருக்குப் போறேன், பனியன் கம்பெனில சேந்துட்டு வர்றேன்னு போவாங்க, மாசக்கணக்கா போன் வரும், கிறிஸ்துமசுக்கு வருவேன் பொங்கலுக்கு வருவேன்னு சொல்லுவாங்க, அதுவரைக்கும் சுவர் நிக்கும். இனிமே அங்க போகவேணாம்னு அவங்க மனசுக்குள்ள என்னிக்கு முடிவு பண்றாங்களோ அன்னிக்குத்தான் போகும். அதனால எங்க லைன் வீடுகள்ல புருஷன் கீழ போயிருக்கிற பொம்பளைங்க காலைல பேர் குடுக்குற மஸ்டருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி உள்ளங்கைய பின்சுவர்ல வச்சு ஒரு அழுத்து அழுத்திப் பாப்பாங்க, கெட்டியா இருந்தா மூச்ச விட்டுட்டு கூடைய மாட்டிக்கிட்டு கொழுந்தெடுக்கப் போவாங்க. ஆள் செத்துப்போனாலும் சுவர் போகும். அம்மா போயிட்டா கூரை போயிரும்னு சொல்லுவாங்க, ஆனா அத யாரும் பாத்ததில்ல, எங்க லைன்ல இதுவரைக்கும் எந்த அம்மாவும் வீட்ட விட்டுட்டு தானாப் போனதில்ல.

ஆம்பள எப்படிப்பட்டவன்னு சுவர் பாக்காது, அதையும் சொல்லிடுறேன். எங்கப்பா வாரத்துல மூணு நாள் குடிச்சிட்டு சாக்கடைப் பாலத்துல படுத்திருப்பாரு, எங்கம்மாவோட கைவளையல ரெண்டு தடவ ஒடச்சிருக்காரு, என் பரிச்சைக்கு நான் என்ன எழுதப் போறேன்னு கூட அவருக்குத் தெரியாது, ஆனா வீட்ல இருக்காரு, அதனால எங்க சுவர் கல்லு மாதிரி நிக்குது, அதனாலயே நான் பள்ளிக்கூடம் போனேன். எனக்கும் அதே லைன்ல இருந்த எப்சிக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். படிப்புல அவ என்னைவிட பத்து மடங்கு.

ஒரு வீட்டு சுவர் போனா மத்தவங்களுக்கு என்னன்னு கேக்கலாம். எங்க லைன்ல பதினோரு வீடும் ஒரே கூரை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு ஓடு வரைக்கும் போகாது, தலைக்கு மேல ஒரு ஆள் தவழ்ந்து போற அளவுக்கு எடைவெளி, ஒரு வீட்ல மீன் பொரிச்சா பதினோரு வீடும் மணக்கும். அப்ப ஒரு வீட்டுக்குள்ள சிறுத்தை நுழைஞ்சா பதினோரு வீட்டுக்குள்ளயும் நுழைஞ்ச மாதிரிதான். அது எங்க மலையில கதை இல்ல, கொல்லையில துணி எடுக்கப் போற நேரத்துல தேயிலைக்கு நடுவுல ரெண்டு கண்ணு நம்மளயே பாத்துக்கிட்டு இருக்கும்.

ஆபீஸ்ல இருந்து கொத்தனார் வந்து செங்கல் வச்சுக் கட்டிட்டுப் போனா விடியும்போது செங்கல் இருக்காது. தகரம், தார்ப்பாய், முள்ளுக்கம்பி எதுவும் தங்காது. ஒரு ஆள் அந்த எடத்துல காட்டுக்கு முதுகு காட்டி நின்னா மட்டும், முதுகுல இருந்து ரெண்டு பக்கமும் தோசை மாவு பரவுற மாதிரி சுவர் பரவி வந்து ஒட்டிக்கும். ஆள் நிக்கணும். யாரு நிக்கிறது? அம்மா வேலைக்குப் போயே ஆகணும், வேலைக்கு ஆள் இல்லாத வீட்ட எஸ்டேட்காரங்க காலி பண்ணச் சொல்லிருவாங்க. சின்னதுங்க நிக்காதுங்க. அப்ப மிச்சம் இருக்கிறது வீட்டோட மூத்த பொண்ணு, அவ பள்ளிக்கூடத்துக்குத்தான போறா, சும்மாதான இருக்கா. படிக்கிற நேரத்த யாரும் நேரம்னு கணக்குல சேக்கல. பையன் நின்னா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது, யாரும் நிக்க வச்சுப் பாத்ததில்ல.

நிக்கிறவ ஒரு தடவ நின்னுட்டா நகரக் கூடாது, நகந்தா வீடே சரிஞ்சிரும்னு ஒரு பேச்சு. நேரம் போகப் போக கால்ல இருந்து வெள்ளையாகி, முழங்கால், இடுப்பு, அப்புறம் தலைமுடியும் சுண்ணாம்புக்குள்ள போயிரும். எங்க லைன்ல அப்படி மூணு வீட்ல மூணு பேர். பக்கத்து வீட்டு அன்னமணி பெரியம்மாவோட மக ராஜகனி பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி ஒன்பதாவது படிக்கும்போது நின்னவ. அந்தச் சுவர்ல ஆணி அடிக்கமாட்டாங்க, கல்யாண நாள் பெருநாளுன்னா ஒரு கை சந்தனம் தடவுவாங்க, அவ தம்பி பரிச்சையில மார்க் வாங்கிட்டு வந்தா மொதல்ல சுவர்ட்ட காட்டுவான், இப்ப அவன் கோயம்புத்தூர்ல இன்ஜினியர். அவ ஏன் பள்ளிக்கூடத்துக்கு வரலன்னு விசாரிக்க அப்ப ஒரு சார் வந்தாராம், மழை விடற வரைக்கும் அந்தச் சுவர்லயே சாஞ்சு உக்காந்து டீ குடிச்சிட்டு, நல்லா கதகதன்னு இருக்கேன்னு சொல்லிட்டு, குடும்பச் சூழ்நிலைன்னு எழுதிட்டுப் போனாராம்.

எப்சி வீட்டுச் சுவர் போனது போன வருஷம் மார்ச்ல ஒரு திங்கக்கிழம. அவளுக்குப் பன்னெண்டாவது பொதுப்பரிச்சை நடந்துக்கிட்டு இருந்துச்சு, தமிழ் முடிஞ்சு இன்னும் அஞ்சு பாக்கி, மறுநாள் இங்கிலீஷ். நான் அவளுக்கு ஒரு வகுப்பு கீழ. அவங்கப்பா சாலமோன் மாமா திருப்பூர் போயி ஒன்பது மாசம், முந்தின நாள்கூட போன்ல ஜாய்ஸ்கிட்ட பொம்மை வாங்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு. ஜாய்ஸ் எப்சியோட தங்கச்சி, நாலு வயசு. காலைல அதுதான் மொதல்ல எந்திரிச்சு, அம்மா வெளிய வீட்டுக்குள்ள வந்துருச்சுன்னு சொல்லியிருக்கு. அவங்கம்மா கிரேஸ் அத்தை அழுகல. காலண்டர எடுத்துத் தூசி தட்டி பெட்டி மேல வச்சிட்டு, ரெண்டு சேலையக் குறுக்கால கட்டிட்டு, நேரமாச்சுன்னு மஸ்டருக்கு ஓடிட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், மூடுபனி எறங்கிடுச்சு, பொம்பளைங்க யாரும் கொழுந்த எடை நிறுத்து முடிச்சு வரல, நான் எப்சிட்ட ஒரு நோட்டு வாங்கப் போனேன். அவ ஜாய்ச இடுப்புல வச்சுக்கிட்டு அடுப்பு ஓரமா அப்படியே நின்னுக்கிட்டு இருந்தா, என்னைப் பாக்கல. சேலைக்கு நடுவுல தலைய விட்டு சிறுத்தை உள்ள வந்திருந்துச்சு. கஞ்சிப் பானைய மோந்து பாத்துச்சு, ஜாய்சோட செருப்ப மோந்து பாத்துச்சு, அப்புறம் தலையத் தூக்கி ஜாய்ச பாத்துச்சு. நான் என்ன பண்ணேன்னு எனக்கே தெரியல, பக்கத்துல கிடந்த தட்டத் தூக்கி எறிஞ்சேன், சிறுத்தை சேலையத் தாண்டி ரெண்டடி பின்னால போச்சு, அந்த ரெண்டடிக்குள்ள நான் ஓடிப் போயி அந்த எடத்துல முதுகு காட்டி நின்னுட்டேன்.

முதுகுல இருந்து ஏதோ வழிஞ்சு போற மாதிரி இருந்துச்சு. சில்லுன்னு, கனமா. ரெண்டு பக்கமும் சுவர் போயி ஒட்டுற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் என் முதுகுக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்துல, அது மூச்சு விடுறது கேட்டுச்சு. நகத்தால மெதுவா ஒரு தடவ கீறிப் பாத்துச்சு. அந்தக் கீறல் என் தோள்பட்டையில தெரிஞ்சுச்சு.

அர மணி நேரத்துல எல்லாரும் வந்தாங்க. எங்கம்மா என்னை அந்த எடத்துல பாத்ததும் கூடையப் போட்டுட்டு தலையில அடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க, நாலு சுவர் இருக்கிற வீட்டுப் புள்ளைய அடுத்த வீட்டுக்குக் குடுத்துட்டேனேன்னு. நின்னுட்டா நகரக் கூடாதே. எல்லாரும் என்னைச் சுத்தி நின்னு, இனி என்ன பண்றதுன்னு மெதுவாப் பேச ஆரம்பிச்சாங்க, சாவு வீட்ல பேசுற மாதிரி, அந்தப் பேச்ச கேக்கக் கேக்க எனக்கு வந்த பயத்துல நான் எல்லாரையும் தள்ளிவிட்டு எங்க வீட்டுக்கு ஓடியே வந்துட்டேன்.

எப்சி வீடு சரிஞ்சு விழல. எதுவும் ஆகல. எனக்கும் எதுவும் ஆகல, முதுகுல ஒரு கை அகலத்துக்கு வெள்ளையா ஒரு தடம், தேச்சாலும் போகாது, தொட்டா உணர்ச்சி இருக்காது, அவ்வளவுதான். எப்சி வீட்ல சுவர் மறுபடியும் இல்லாம போச்சு, கிரேஸ் அத்தை போயி நின்னாங்க, அவங்களுக்கும் சுவர் வந்துச்சு, ராத்திரி முழுக்க எப்சியும் அவங்களும் மாத்தி மாத்தி நின்னாங்க.

அப்படின்னா நகரலாம். இது தெரிஞ்சா லைன்ல எல்லாரும் சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன். ஒவ்வொருத்தரா போயி கதவுகள சாத்திக்கிட்டாங்க. எனக்கு அன்னிக்குப் புரியல, நகரலாம்னா, மாத்தி மாத்தி நிக்கலாம்னா, ஏற்கனவே நிக்கிற மூணு பேரு எதுக்கு நின்னாங்கன்னு ஆயிரும்ல. விடியறதுக்குள்ள அவங்களே ஒரு காரணமும் கண்டுபிடிச்சிட்டாங்க. இசக்கி, அதாவது நான், அந்த வீட்டுப் புள்ள இல்ல, அதனாலதான் சுவர் அவள விட்டுருச்சு, ராத்திரி அம்மாவும் மகளும் மாத்தி மாத்தி நின்னது சுவருக்குப் பிடிக்காது, இன்னும் ரெண்டு நாள்ல மொத்த லைனும் சரியும்னு.

செவ்வாக்கிழம காலைல ஏழு மணிக்கு கங்காணி சம்சாரம் புஷ்பம் சித்தி தலைமையில எல்லாரும் தட்டோட வந்துட்டாங்க. புதுப் பாவாடை தாவணி, நல்லெண்ணெய், கோழிக்குழம்பு, ஒரு வாளி சுண்ணாம்பு. வயசுக்கு வந்த புள்ளைக்குச் செய்யுற மாதிரி அப்படி ஒரு சிரிப்பு, அப்படி ஒரு அன்பு, அதப் பாத்ததும் நான் கதவு ஓரமா ஒதுங்கிக்கிட்டேன். எப்சி யூனிபார்ம் போட்டு, ரெட்டைச் சடை போட்டு, ஹால்டிக்கெட்ட கையில வச்சுக்கிட்டு நின்னா. பரிச்சை பத்து மணிக்கு, பஸ்சு ஏழே முக்காலுக்கு. புஷ்பம் சித்தி அவ கன்னத்த வழிச்சு, நீ நின்னாத்தான கண்ணு உன் தங்கச்சி நாளைக்கு டீச்சராவான்னு சொன்னாங்க. கிரேஸ் அத்தை தட்டத் தள்ளவும் இல்ல, வாங்கவும் இல்ல.

எப்சி சத்தம் போடல. "அஞ்சு பரிச்சை இருக்கு சித்தி. அஞ்சு நாள் பகல்ல மட்டும் ஆளுக்கு ஒரு மணி நேரம் நில்லுங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்றத கேக்குறேன்."

"ஒரு மணி நேரமாம். எங்களுக்கெல்லாம் கொழுந்து தானா நடந்து வந்து கூடையில ஏறிக்குமா?" இது புஷ்பம் சித்தி. ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க.

அப்பத்தான் அன்னமணி பெரியம்மா வந்தாங்க. முந்தின நாள் சாயங்காலத்துல இருந்து அவங்க வீட்டு அடுப்பு எரியல. நேரா வந்து, அப்ப அந்த எடத்துல நின்னுக்கிட்டு இருந்த கிரேஸ் அத்தையத் தோளப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு, தான் போயி முதுகு காட்டி நின்னாங்க. சுவர் வந்துச்சு. அது வந்து ஒட்டுன சத்தம் அடங்குனதும் புஷ்பம் சித்தி மூஞ்சியப் பாத்துச் சொன்னாங்க.

"என் புள்ளைக்கு இந்தத் தட்டெல்லாம் யாரும் எடுத்துட்டு வரல. நான் எடை நிறுத்துட்டு வர்ற வரைக்கும் சித்த நேரம் நில்லுடின்னுதான் சொன்னேன். அன்னிக்குத் தராசு ரிப்பேரு. நான் வர ஏழாச்சு. வந்து கையப் பிடிச்சு இழுக்குறேன், வரல."

புஷ்பம் சித்தி தட்டக் கீழ எறக்கி வச்சாங்க. பெரியம்மா விடல.

"மொகம் மட்டும் இருந்துச்சு. லேட்டாயிருச்சாம்மான்னு கேட்டா. ஊர்ல கேட்டப்ப, அவளா ஆசப்பட்டு நின்னான்னு நான்தான் சொன்னேன். அதுக்கப்புறந்தான் உங்க பாவாடையும் கோழிக்குழம்பும்." அப்புறம் எப்சிட்ட திரும்பி, "நீ போடி, பஸ் வந்துரும்."

எப்சி ஓடுனா. நான் அவ பின்னாடியே ரோடு வரைக்கும் ஓடிப் போயி ஏத்திவிட்டேன். திரும்பி வரும்போது பாத்தேன், கோழிக்குழம்பு அப்படியே இருக்கு, மத்த ரெண்டு வீட்டு அம்மாங்களும் அவங்கவங்க சுவர்ல நெத்திய வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அன்னிக்கு எங்க லைன்ல இருந்து ஒருத்தரும் மஸ்டருக்குப் போகல, எஸ்டேட்ல அரை நாள் வேலை நின்னதுக்கு ஆபீஸ்காரங்க வைரஸ் காய்ச்சல்னு எழுதிக்கிட்டாங்களாம்.

அப்புறம் முறை வச்சோம். ஆளுக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல யாரும் நிக்கக் கூடாது, எதுக்கும் போன்ல அலாரம். எங்கம்மா நின்னாங்க, கங்காணி நின்னாரு, ஆம்பளைக்கும் சுவர் வரும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு, எங்கப்பாகூட ஒரு நாள் நின்னாரு, ஆனா ஆடிக்கிட்டே நின்னதால அந்த நாள் மட்டும் சுவர் கொஞ்சம் வளைஞ்சு வந்துச்சு. புஷ்பம் சித்தி ஒரு வாரம் கழிச்சு வந்து, எனக்கு இடுப்பு வலின்னு சொல்லிக்கிட்டே நின்னாங்க. குளிக்கிற எடத்துல பாத்தா எல்லா பொம்பளைங்க முதுகுலயும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளைத் தடம். எப்சி அஞ்சு பரிச்சையும் எழுதுனா, மலையில அதுவரைக்கும் யாரும் வாங்காத மார்க் வாங்குனா, கோயம்புத்தூர்ல நர்சிங் சேந்து ஹாஸ்டலுக்குப் போயிட்டா. பஸ் ஏறும்போது அவ கையப் பிடிச்சுக்கிட்டு நான்தான் சொன்னேன், ஜாய்ச நாங்க பாத்துக்கிறோம், நீ திரும்பிப் பாக்காதன்னு.

அது போன ஜூன். இது அடுத்த ஜூன்.

இந்த ஒரு வருஷத்துல எதுவும் கெட்டதா நடக்கல, அதத்தான் நல்லா யோசிச்சுப் பாக்குறேன், யாரும் சண்டை போடல, யாரும் மாட்டேன்னு சொல்லல. நவம்பர்ல கங்காணிக்கு வேற டிவிஷனுக்கு மாத்தல், புஷ்பம் சித்தியும் போயிட்டாங்க. ரெண்டு வீட்டுக்காரங்க பனியன் கம்பெனிக்கே குடும்பத்தோட போயிட்டாங்க. அன்னமணி பெரியம்மாவுக்கு வயசாயிருச்சுன்னு ஏப்ரல்ல வேலைய விட்டு நிறுத்துனாங்க, வேலை இல்லன்னா வீடும் இல்ல, மகன் வந்து கூட்டிட்டுப் போனான், அவங்க சுவரப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேன்னு கிடந்தத நாலு பேர் சேந்து பிரிச்சு கார்ல ஏத்துனோம். இப்ப அந்த வீட்டுக்கு அசாம் பக்கத்துல இருந்து வேலைக்கு வந்த ஒரு புதுக் குடும்பம் வந்திருக்கு. அந்தச் சுவர்ல ஆணி மட்டும் அடிக்காதீங்கன்னு சைகையில சொன்னோம். சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுனாங்க. அடுத்த நாள் டிவி மாட்டியிருந்தாங்க.

எட்டு பேர் நின்ன எடத்துல மூணு பேர் நிக்கிறோம், எங்கம்மா, கடைசி வீட்டு மரியாக்கா, நானு. ஒரு மணி நேரம் ஒன்றரை ஆச்சு, ஒன்றரை ரெண்டாச்சு. கிரேஸ் அத்தை ராத்திரியெல்லாம் எங்களோட மாத்தி மாத்தி நின்னு எடது குதிகால்ல உணர்ச்சியே இல்லாம பகல்ல கொழுந்து எடுக்குறாங்க. எப்சி போன் பண்ணும்போது எல்லாம் நல்லாப் போகுதுன்னுதான் சொல்றோம், அவளுக்கு இந்த வாரம் பரிச்சை.

எனக்கும் சீட்டு கெடச்சிருக்கு. பொள்ளாச்சியில, பி.காம். நாளைக்குக் காலைல ஏழே முக்கால் பஸ்சுல போயி கையெழுத்துப் போட்டுச் சேரணும், நாளைக்குத்தான் கடைசி நாள். துணி மடிச்சு வச்சிட்டேன், மார்க் ஷீட்ட எங்கம்மா ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்துட்டாங்க. நாளையில இருந்து என் நேரத்துக்கு யாருன்னு நேத்து கேட்டேன். பாத்துக்கலாம் போன்னு சொன்னாங்க. மரியாக்காவும் அதத்தான் சொன்னாங்க.

இன்னிக்கு ரெண்டு மணிக்கு நின்னேன். மூணு மணிக்கு மரியாக்கா வரணும். மூணே காலுக்குப் போன் பண்ணேன், எடுக்கல. நாலு மணிக்கு எங்கம்மாவுக்கு அடிச்சேன், மேல் காட்டுல ஆனை நிக்குதாம், கொழுந்து லாரி மாட்டிக்கிச்சாம், எல்லாரையும் ஸ்டோருக்குள்ள உக்கார வச்சிருக்காங்களாம், மரியாக்காவும் கிரேஸ் அத்தையும் அங்கதான் இருக்காங்களாம். இந்தா வந்துர்றோம்னு சொன்னாங்க. எங்கம்மா சொன்னா வருவாங்க. 

இப்ப அஞ்சே முக்கால். மூடுபனி வாசல் வரைக்கும் வந்துருச்சு. ஜாய்ஸ் கால நீட்டி உக்காந்து அ, ஆ எழுதிக்கிட்டு இருக்கு, இந்த ஜூன்ல அதையும் பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு, புதுப் பென்சில். முதுகுக்கு அந்தப் பக்கம், ரொம்ப நேரமா, மூச்சு சத்தம் கேக்குது. அவசரமே இல்லாத மூச்சு. நான் நகந்தா அந்த மூச்சுக்கும் பென்சிலுக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல.

ஜாய்ஸ் நோட்டத் தூக்கிட்டு வந்து காட்டுச்சு. நல்லாருக்குன்னு சொன்னேன். என் கால் பக்கத்துல உக்காந்துச்சு, உக்காந்துட்டு ஒரு கையால என் கணுக்காலத் தொட்டுச்சு, உடனே கைய எடுத்து விரலப் பாத்துச்சு, பாவாடையில தொடைச்சுக்கிச்சு.

"அக்கா, மாவு."

"ஆமா பாப்பா. நீ எழுது."

அது மறுபடியும் எழுத உக்காந்துருச்சு. அது தொட்டது என் கால்ல தெரியல. காலத் தூக்கிப் பாத்தா என்னன்னு தெரிஞ்சிரும். இன்னும் தூக்கிப் பாக்கல.